முன் ஏர் எங்கே?

"ஊர் ஓட உடன் ஓடு, நாடு ஓட நடுவே ஓடு" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதே பெரியவர்கள்தான், "ஆட்டு மந்தை மாதிரிப் போகாதேடா" என்று பிள்ளைகளைக் கடிந்தும் கொள்கிறார்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதை யாரும் முரண்பாடாக நினைப்பதில்லை. வாழ்க்கையில் இரண்டுக்கும் இடம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் எது என்று கேட்டுவிட்டால், பதில் சொல்லத் திணறிப் போகிறோம்.

கூட்டத்தோடு போவது விவேகமா, கோழைத்தனமா? கூட்டம் தவறான திசையில் போய்விட்டால் அதற்கு யார் பொறுப்பு?

"எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன்" என்பதைப் போல மனச்சாட்சிக்கு ஆறுதல் தரும் வாக்கியம் வேறொன்று இல்லை. வரதட்சிணை வாங்கிய தகப்பனார் அதைச் சொல்கிறார். மேஜைக்கு அடியில் கை நீட்டிய குமாஸ்தா அதைச் சொல்கிறார். மோசடிச் சீட்டில் தாமும் பணம் போட்டு, தெருவில் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துவிட்டவர் அதையேதான் சொல்கிறார். ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் போனவரைச் சுட்டிக் காட்டுகிறார். முன்னால் போனவரைக் கேட்டால், அவர் தமக்கும் முன்னால் ஒருவரைக் காட்டுகிறார். முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும் என்பார்கள். சரி, அந்த முன் ஏர் எங்கே?

கதை எழுதுகிறவனுக்கு இது தொழில் சம்பந்தமான கேள்வியும்கூட. ஒரு பாத்திரம் ஒரு காரியத்தைச் செய்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் இல்லாமல் யாரையாவது நடமாட விட்டால் வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள். ஆனால் ஒரு கூட்டம் திடீரென்று ஒரு பக்கம் திரும்பினால் என்ன காரணம் எழுதுவது? சாமானியமாக நாங்கள் ஒரு வில்லனைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவோம். மறைவிலிருந்து தூண்டிவிட்டவன் அவன் என்று முடித்துவிட்டால் கதையும் முடியும், வாசகருக்கும் திருப்தி. உலகத்தில் அப்படிப்பட்ட வில்லன்கள் இல்லாமலில்லை. ஆனால் வில்லனே இல்லாமல் திரும்புகிற கூட்டங்களும் உண்டு. அவைதான் நம்மை அதிகமாக யோசிக்க வைக்க வேண்டியவை.

இந்தக் கேள்வியை ஆகாயத்தில் வைத்துப் பேசுவதைவிட, ஓர் ஊரில் வைத்துப் பேசுவது நல்லது. போடிநாயக்கனூரை எடுத்துக்கொள்வோம்.

ஊருக்கு மேற்கே மலைத்தொடர் மதில் எழுப்பினாற்போல் நிற்கிறது. விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் புறப்படுகின்றன. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிப் போடிமெட்டுக்கு ஏறி, அப்பால் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகின்றன. மாலையில் அதே வளைவுகளில் இறங்கி வருகின்றன. தோட்டத்தில் பறித்த காய் ஸ்டோரில் உலர்ந்து, தரம் பிரித்து, மூட்டையாகி ஏலக்கூடத்துக்கு வருகிறது. ஏலம் என்பது தமிழில் காய்க்கும் பெயர். போட்டி போட்டுக் கேட்டு வாங்குவதற்கும் பெயர். போடியில் இரண்டு ஏலமும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்துவிட்டன.

வாய்விட்டுக் கேட்ட காலம் போய், 2007 முதல் ஏலம் கணினி வழியாக நடக்கிறது. வாங்குகிற வியாபாரியின் முன்னால் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, மாதிரிக் காய். மற்றொன்று, மற்றவர்கள் கேட்கும் விலையைக் காட்டும் திரை. காய் தன் கதையைத் தானே சொல்லும். பருமனும் பச்சையும் கண்ணுக்குத் தெரியும். உடைத்தால் உள்ளே விதை எப்படி என்று தெரியும். வாசனை மீதியைச் சொல்லும். திரை அப்படியல்ல. காயைப் பற்றி மற்றவர்கள் நினைப்பதைத்தான் அது சொல்லும். அந்த மற்றவர்களும் அதே சமயத்தில் அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. அடுத்த வருஷம் கோடையில் வறட்சி. மலையில் விளைச்சல் விழுந்தது, விலை ஏறியது. 2019 ஆகஸ்டில், மலைக்கு அப்பால் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போயிற்று. அதற்கு முன்பு யாரும் கேட்டிராத விலை. பிறகு அதே காய் இறங்கத் தொடங்கி, மூன்று வருஷத்துக்குள் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது.

வெள்ளமும் வறட்சியும் பொய்யல்ல; தட்டுப்பாடும் பொய்யல்ல. ஆனால் ஏலத்தட்டையை நட்டால் காய்ப்புக்கு வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். விலை உச்சத்தில் இருந்தபோது, பக்கத்துத் தோட்டக்காரர் நடுகிறாரே என்று வீட்டு நகையை அடகு வைத்து நட்டவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய முதல் காய் மூட்டையாகும்போது விலை பாதாளத்தில் இருக்கிறது. அவருக்கு யார் மீது கோபம் வரவேண்டும்? பக்கத்துத் தோட்டக்காரர் மீதா? அவரும் தமக்கு அடுத்தவரைப் பார்த்து நட்டவர்தான். வியாபாரி மீதா? அவர் திரையைப் பார்த்துக் கேட்டவர்தான். எவ்வளவு தூரம் தேடிக்கொண்டு போனாலும், "வா, இந்தப் பக்கம்!" என்று கை காட்டிய ஒருவர் அகப்படமாட்டார்.

இதைப் பற்றி விஞ்ஞானிகள் ஒரு விசித்திரமான விளையாட்டு ஆடிப் பார்த்திருக்கிறார்கள். 1995-ஆம் வருஷம், ஹங்கேரி தேசத்துப் பௌதிக விஞ்ஞானி தாமாஷ் விசெக்கும் அவருடைய சகாக்கள் நால்வரும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பறவைக் கூட்டமும் மீன் கூட்டமும் தலைவன் இல்லாமலே எப்படி ஒரு திசையில் போகின்றன என்ற கேள்விக்கு அவர்கள் பறவையையும் மீனையும் எடுத்துக்கொள்ளவில்லை. கணினிக்குள் வெறும் துகள்களை உலவ விட்டார்கள். தானே நகரும் துகள்கள்; எல்லாவற்றுக்கும் ஒரே வேகம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கட்டளை: உன்னைச் சுற்றி அருகில் இருப்பவை எந்தப் பக்கம் போகின்றனவோ, அவற்றின் சராசரித் திசையில் நீயும் திரும்பு. ஆனால் பிசகாமல் திரும்ப அவற்றால் முடியாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தடுமாறும். எந்தப் பக்கம் எவ்வளவு தடுமாறும் என்பது தாயக்கட்டை உருட்டினாற்போல் தற்செயலானது.

தடுமாற்றம் அதிகமாக இருந்தபோது, துகள்கள் சந்தைக் கூட்டம்போல் ஆளுக்கொரு பக்கம் அலைந்தன. தடுமாற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தபோதும், அல்லது துகள்களை நெருக்கமாக்கியபோதும், ஓர் எல்லையைத் தாண்டியதும் அத்தனையும் ஒரே திசையில் புறப்பட்டுவிட்டன. தலைமை இல்லை, உத்தரவு இல்லை, போய்ச் சேர வேண்டிய இடமும் இல்லை. ஏன் வடக்கே போகின்றன, ஏன் தெற்கே போகவில்லை என்று கேட்டால் கணக்கில் அதற்கு விடை கிடையாது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினால் வேறு திசையில் போகும். அப்போதும் அதே ஒற்றுமையோடுதான் போகும்.

துகள் உயிரில்லாதது, அது எப்படிப் போனால் என்ன என்று தோன்றலாம். 2006-ல் இங்கிலாந்தில் வெட்டுக்கிளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். சிறகு முளைக்காத குஞ்சுகளை ஒரு வட்டமான பாதையில் விட்டார்கள். சிலவற்றை மட்டும் விட்டபோது தம் இஷ்டப்படி திரிந்தன. எண்ணிக்கையைக் கூட்டியதும் சேர்ந்து ஒரே பக்கமாக நடந்தன. இடையிடையே காரணம் தெரியாமல் மொத்தக் கூட்டமும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. இன்னும் நெருக்கமாக்கியபோது பிடித்த திசையை விடவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து வந்த ஆராய்ச்சி அதற்குள் இருந்த ஒரு பயங்கரத்தைக் காட்டியது. உணவு குறைந்த கூட்டத்தில் வெட்டுக்கிளிகள் ஒன்றையொன்று கடித்துத் தின்னும். நின்றால் பின்னால் வருவது கடித்துவிடும். ஆகையால் ஒவ்வொன்றும் முன்னால் ஓடுகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது அணிவகுப்பு. உள்ளே இருப்பதற்கோ அது பயம். நாம் 'உற்சாகம்' என்று பெயர் சூட்டும் எத்தனையோ கூட்டங்களில், பின்தங்கினால் என்ன ஆவோம் என்ற இந்தப் பயம்தான் ஒளிந்திருக்கிறது.

இதையெல்லாம்விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது நம் பக்கத்துச் செய்தி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் விஸ்வேஷ குட்டல் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2020-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கேரளத்தில் கரிமீன் என்று வாழையிலையில் வைத்துப் பொரித்துச் சாப்பிடுகிறார்களே, அந்த மீனைத்தான் அவர்கள் ஆராய்ந்தார்கள். தொட்டியில் பதினைந்து, முப்பது, அறுபது என்று விட்டு, எப்படித் திரும்புகின்றன என்று கவனித்தார்கள். பெரிய கூட்டத்தைவிடச் சின்னக் கூட்டத்தில்தான் ஒற்றுமை அதிகமாக இருந்தது!

காரணம் எளிமையானது. மீன்கள் சுற்றியுள்ள எல்லாரையும் பார்த்துச் சராசரி போடுவதாக வைத்துக்கொண்டால், கண்ட காட்சிக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. ஏதோ ஒரு சமயம், ஏதோ ஒரு மீன், ஏதோ இன்னொரு மீனைப் பார்த்து அது போகும் திசையில் திரும்பிக்கொள்கிறது. அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டால் ஒத்துவந்தது. ஒரு காசை நாலு தரம் சுண்டினால் நாலும் பூவாக விழுந்துவிடலாம். நானூறு தரம் சுண்டினால் அப்படி ஆகாது. சின்னக் கூட்டத்தில் தற்செயலுக்கு வலிமை அதிகம். ஒன்றைப் பார்த்து ஒன்று திரும்பத் திரும்ப, தற்செயலாக ஒரு பக்கம் கூடிவிடுகிறது. கூடியபின் அதுவே எல்லாரும் சேர்ந்து செய்த தீர்மானம்போல் தோற்றம் கொண்டுவிடுகிறது.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று நாம் கேட்கிறோமே, அந்த நாலு பேரை நினைத்துக்கொண்டேன். நம் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் நாடு முழுவதையும் கேட்டு எடுக்கப்படுவதில்லை. பெண்ணைப் படிக்க வைப்பதா, மகன் வேறு ஜாதியில் மணந்துகொள்வதை ஏற்பதா, நிலத்தை விற்பதா என்பதெல்லாம் நாலு பேரை வைத்துத்தான் முடிவாகின்றன. அந்த நாலு பேரும் ஒரே அபிப்பிராயமாக இருந்தால், அது சத்தியம் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் திரும்பியவர்களாக இருந்தால், அது நாலு சாட்சி அல்ல. ஒரே சாட்சியின் நாலு எதிரொலி. அந்த ஒரு சாட்சியும் கண்ணால் கண்டதாக இல்லாமல் போகலாம். ஒற்றுமை அழகானது. ஆனால் அது மட்டும் உண்மைக்கு அத்தாட்சி ஆகாது.

அப்படியானால் யாரையும் பின்பற்றக்கூடாதா? இளமையில் இந்த முடிவுக்கு வருவது சுலபம். நாலு பேர் கிழக்கே போனால் மேற்கே போகிறவனுக்குத் தனக்கென்று ஒரு திசை இருப்பதாக நினைப்பு. உண்மையில் அவனும் கூட்டத்தைப் பார்த்துத்தான் தன் திசையைத் தீர்மானிக்கிறான். மேலும், பின்பற்றாமல் ஒரு நாள்கூட நம்மால் வாழ முடியாது. மழைக்காலத்தில் போடிமெட்டுச் சாலையில் மூடுபனி இறங்கிவிட்டால், முன்னே போகும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் பின்னே வருகிறவர் ஓட்ட வேண்டியிருக்கிறது. அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது: நான் அவர் விளக்கைப் பார்க்கிறேன், அவர் சாலையைப் பார்க்கிறார். வரிசையில் யாருமே சாலையைப் பார்க்காமல், அவரவர் முன்னால் உள்ள விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தால்? அந்த இடத்தில்தான் விவேகம் மந்தைத்தனமாக மாறிவிடுகிறது.

இந்த வித்தியாசத்தை மிக நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவை தேனீக்கள். ஏல மலையின் செல்வமே அவற்றின் தயவில்தான் இருக்கிறது. ஏலப் பூ ஒரு நாள்தான் வாழும். தன் மகரந்தத்தைத் தானே சூலகத்தில் சேர்த்துக்கொள்ள அதன் அமைப்பு இடம் கொடாது. தேனீ வந்து போனால்தான் காய்.

தேனீக்கள் புதிய கூடு தேடும் விதத்தை ஜெர்மனியில் மார்ட்டின் லிண்டவர் என்பவர், இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆனபோது கவனித்தார். கிளையில் தொங்கும் கூட்டத்தின் மேல் சில தேனீக்கள் நடனமாடின. அவற்றின் உடம்பில் மகரந்தத்துக்குப் பதில் கரியும் செங்கல் தூளும் படிந்திருந்தன. குண்டு விழுந்து இடிந்த மியூனிக் நகரத்தின் புகைபோக்கிகளிலும் சுவர்ப் பொந்துகளிலும் நுழைந்து பார்த்துவிட்டு வந்த வேவுத் தேனீக்கள் அவை. எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இடம் இருக்கிறது என்பதை நடனத்தாலேயே மற்றவற்றுக்குத் தெரிவித்தன.

அவருக்குப் பின் அமெரிக்காவில் தாமஸ் ஸீலி என்பவர் பல வருஷம் இதையே ஆராய்ந்தார். அவர் கண்டதில் மூன்று விஷயங்கள் நமக்கு முக்கியம். ஒரு தேனீயின் நடனத்தைப் பார்த்த இன்னொன்று, உடனே அதே நடனத்தை ஆடுவதில்லை. அந்த இடத்துக்குப் பறந்து போகிறது. உள்ளே நுழைந்து, நடந்து, அளந்து பார்க்கிறது. தனக்கும் பிடித்தால்தான் திரும்பி வந்து ஆடுகிறது. இரண்டாவது, எவ்வளவு நல்ல இடத்தைக் கண்ட தேனீயும் ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு முறை போய் வரும்போதும் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு, கடைசியில் சும்மா இருந்துவிடுகிறது. தன் கட்சி தோற்றதென்று அதை யாரும் அடக்க வேண்டியதில்லை. மூன்றாவது, ஓர் இடத்தில் ஒரே சமயத்தில் இருபது முப்பது தேனீக்கள் கூடினால்தான் முடிவு. ஒரு தீவில் நல்ல பெட்டி ஒன்றும் சுமாரான பெட்டிகள் நாலும் வைத்து அவர் சோதித்தபோது, ஐந்து தேனீக் கூட்டங்களில் நாலு நல்ல பெட்டியையே தேர்ந்தெடுத்தன.

இங்கேயும் பின்பற்றுதல் இருக்கிறது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் தேனீ பிறரை நம்புகிறது. என்ன இருக்கிறது என்பதற்குத் தன்னைத்தான் நம்புகிறது. கரிமீன் கூட்டத்துக்கும் தேனீக் கூட்டத்துக்கும் உள்ள தூரம் இந்த ஒரு பயணம்தான்: போய்ப் பார்த்துவிட்டு வருகிற பயணம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பத்தாயிரம் தேனீ உள்ள கூட்டத்தில் வேவுத் தேனீக்கள் சில நூறுதான். மற்றவை எதையும் பார்ப்பதில்லை. கிளம்பும்போது கூடவே கிளம்புகின்றன. நம் நிலைமையும் அதுதான். வைத்தியரின் மருந்தை நாம் சோதித்துப் பார்த்து விழுங்குவதில்லை. பாலத்தின் கம்பியை எண்ணிவிட்டு ரயில் ஏறுவதில்லை. எல்லா விஷயத்திலும் எல்லாரும் வேவு பார்க்க முடியாது. ஆனால் ஏதோ ஒரு விஷயத்தில் ஒவ்வொருவரும் வேவுத் தேனீதான். ஏலக்காயில் போடி வியாபாரி, மருந்தில் வைத்தியர், கம்பியில் எஞ்சினீயர், பிள்ளையின் முகத்தில் தாய். அவரவர் பார்க்க வேண்டிய இடத்தில் அவரவர் பார்க்காமல், அக்கம்பக்கம் திரும்பி, மற்றவர்கள் ஆடுகிறார்கள் என்று ஆடிவிட்டால், அதுதான் பாவம். நம்பி வருகிற ஆயிரம் பேரை அது ஏமாற்றுகிறது.

மனிதன் துகள் அல்லவே, மீன் அல்லவே என்று கேட்கலாம். நானும் அதைத்தான் சொல்கிறேன். துகளுக்குத் தான் பின்பற்றுகிறோம் என்று தெரியாது. மீனும் அதைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளாது. மனிதன் மட்டும் ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது, "இதை நான் பார்த்துத்தான் சொன்னேனா, கேட்டுச் சொன்னேனா?" என்று தன்னைக் கேட்டுக்கொள்ள முடியும். தர்மம் என்று நாம் சொல்வதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

அந்த விஞ்ஞானக் கணக்கில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு துகளும் அருகில் இருப்பவற்றைப் பார்த்துத் திரும்புகிறது என்றால், ஒவ்வொரு துகளும் வேறொன்றுக்கு அருகில் இருக்கிறது என்றும் அர்த்தம். நாம் பின்பற்றுகிறவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்கிறோம். நம்மைப் பார்த்து ஒருவர் திரும்புகிறார் என்பதை மறந்துவிடுகிறோம். "எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன்" என்று சொல்கிறவர், அடுத்த வீட்டுக்காரர் சொல்லப்போகும் 'எல்லாரும்' என்ற வார்த்தைக்குள் தாமும் இருக்கிறார் என்பதை நினைப்பதில்லை. பொறுப்பு என்பது நூறு பேர் பங்கிட்டுக்கொண்டு ஆளுக்குக் காசளவு செலுத்தும் கடன் அல்ல. நூறு பேரிடமும் அது முழுசாகவே இருக்கிறது.

மாடு கட்டி உழுத நாட்களில், ஏழெட்டு ஏர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வயலைச் சுற்றி வரும். முதல் சால் போடும்போது முன் ஏர் எது, பின் ஏர் எது என்று சொல்லிவிடலாம். இரண்டு சுற்று வந்துவிட்டால், முன் ஏர் கடைசி ஏருக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். வரப்பில் நிற்பவருக்கு, எது முன், எது பின் என்றே தெரியாது. ஆனால் கலப்பையைப் பிடித்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று தெரியும்: தமக்குப் பின்னால் ஓர் ஏர் வருகிறது, தாம் கோணலாகப் போனால் அதுவும் கோணலாகத்தான் போகும்.